வீட்டுக்குள் வரைந்த ஓவியத்தில் பெண்ணின் இடத்தைப் படிப்பது எப்படி?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் டியூஷன் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அறை சும்மா கிடக்கும். ஆறாம் படிவ மாணவிகள் சிலருக்கு ஓவியம் பார்த்து எழுதப் பழக்கலாம் என்று அந்த நேரத்தில் ஒரு வகுப்பு ஆரம்பித்தேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட அம்மாக்களும் பாட்டிகளும் மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். இப்போது அவர்கள்தாம் அதிகம். அதில் பாதிப் பேர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: வீட்டின் உட்புறத்தைக் காட்டும் ஓவியத்தை வைத்து, அந்தக் காலத்துப் பெண்ணுக்கு என்ன இடம் இருந்தது என்று எப்படிச் சொல்வது? புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். படத்தைப் பார்த்த அரை நிமிடத்தில் “பாவம், அடிமை வாழ்க்கை” என்கிறார்கள். இல்லாவிட்டால் “எவ்வளவு அமைதி, குடும்ப விளக்கு” என்கிறார்கள். இரண்டுமே படத்திலிருந்து வந்தவை அல்ல, மாடிப்படி ஏறும்போதே கையோடு கொண்டுவந்தவை. கீழே உள்ள வரிசை அந்தத் தீர்ப்பைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடத்தான். வரிசையை மாற்றி நானே இரண்டு மூன்று தடவை செய்து கெடுத்திருக்கிறேன்.

1. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

முதல் சுற்றுக்கு நான்கு படம் போதும். நான் வைப்பவை இவை. யோஹான்னஸ் வெர்மீர் 1660 வாக்கில் வரைந்த, பால் ஊற்றும் பெண். நிக்கோலாஸ் மாஸ் 1655இல் வரைந்த, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்ட வேலைக்காரி. பீட்டர் டி ஹோக் 1658க்கும் 1660க்கும் இடையில் வரைந்த, பிள்ளைக்குப் பேன் பார்க்கும் தாய். யூடித் லைஸ்டர் 1631இல் வரைந்த, தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் ஓர் ஆண் காசு நீட்டும் படம்.

நான்கும் டச்சு ஓவியங்கள், முப்பது ஆண்டுக்குள் வரையப்பட்டவை. வேண்டுமென்றேதான் அப்படி எடுத்தேன். முதல் நாளே ஒரு ஐரோப்பியப் படத்தையும் ஓர் இந்தியப் படத்தையும் பக்கத்தில் வைத்தால், பேச்சு “அவங்க கலாசாரம் வேற, நம்ம கலாசாரம் வேற” என்று போய்விடும். அப்புறம் யாரும் படத்தைப் பார்க்க மாட்டார்கள்.

படங்களை ஏ3 தாளில் கலரில் அச்சடியுங்கள். பால் ஊற்றும் பெண்ணும் பேன் பார்க்கும் தாயும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கின்றன. அதன் இணையதளத்திலேயே பெரிய கோப்பாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கைப்பேசியில் பார்த்தால் போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். போதாது. கைப்பேசியில் இரண்டு விரலை வைத்ததும் எல்லாரும் முகத்தைத்தான் பெரிதாக்குகிறார்கள். நமக்கு வேண்டியது தரை, கதவு, கை. பால் ஊற்றும் பெண்ணின் மூல ஓவியமே 45.5க்கு 41 செண்டிமீட்டர்தான், ஏ3 தாளைப் போல ஒன்றரை மடங்கு பரப்பு, அவ்வளவே. ஆகவே தாளில் பார்ப்பது நிஜ அளவில் ஏறத்தாழ முக்கால் பங்கு.

டிரேசிங் பேப்பர், பென்சில், அழிப்பான், ஒரு பூதக்கண்ணாடி, கொஞ்சம் சில்லறைக் காசு. ஒரு மேசைக்கு நாலைந்து பேர். அவர்களில் ஒருவராவது இருபது வருடம் சமையலறை நடத்தியவராக இருக்க வேண்டும். இது மரியாதைக்குச் சொல்வதில்லை. ஏன் என்று ஐந்தாம் படியில் தெரியும்.

2. தலைப்பை மூடுங்கள்

படத்தின் பெயர், ஓவியர் பெயர், ஆண்டு எல்லாவற்றையும் காகிதம் ஒட்டி மறையுங்கள். பெரும்பாலான பழைய ஓவியங்களுக்குப் பெயர் வைத்தது ஓவியர் அல்லர், பின்னால் வந்தவர்கள். வெர்மீரின் படத்தைப் பால்காரி என்ற பொருள்படத்தான் டச்சிலும் ஆங்கிலத்திலும் அழைக்கிறார்கள். ஆனால் அவள் மாடு கறப்பவள் இல்லை, சமையலறை வேலைக்காரி. 1696இல் ஆம்ஸ்டர்டாமில் அந்தப் படம் ஏலத்துக்கு வந்தபோதுகூடப் பால் ஊற்றும் வேலைக்காரி என்றுதான் பட்டியலில் குறித்திருந்தார்கள்.

மாஸின் படம் இன்னும் மோசம். லண்டன் நேஷனல் கேலரியில் அதன் பெயர் ‘சோம்பேறி வேலைக்காரி’ என்ற பொருளில் இருக்கிறது. பெயரிலேயே தீர்ப்பு முடிந்துவிட்டது. பெயரை மூடாமல் நான் காட்டிய வாரம், அத்தனை மாணவிகளும் “கடமை தவறினாள்” என்று எழுதினார்கள். அடுத்த குழுவுக்கு மூடிக் காட்டினேன். ஒரு பாட்டி பூதக்கண்ணாடி வழியாகத் தரையில் குவிந்திருந்த பாத்திரங்களை எண்ணிவிட்டு, “இவ எத்தனை மணிக்கு எந்திரிச்சா டீச்சர்?” என்று கேட்டார். காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பு) முன்னால் சோறு பொங்கி, கறி வைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டாயில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) விட்டு ஓடியவருக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

3. பொருள் கணக்கு எடுங்கள்

பத்து நிமிடம். படத்தில் உள்ள பொருள்களை எழுத வேண்டும், பெயர்ச்சொல் மட்டும். “அழகான சாடி” கிடையாது, சாடி. “சோகமான முகம்” கிடையாது, முகம். எழுதிய சொல் ஒவ்வொன்றுக்கும் படத்தில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். விரல் வைக்க முடியாவிட்டால் அடித்துவிடுங்கள். அடைமொழி உள்ளே வந்தால் பின்னாலேயே தீர்ப்பும் வந்துவிடும், அதனால்தான் இந்தக் கண்டிப்பு.

இன்னொரு விதி: பெண்ணைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் அவளை எழுதினால் மற்றதெல்லாம் அவளுக்குப் பின்னணியாகிவிடும்.

பால் ஊற்றும் பெண்ணின் படத்தில் எங்கள் பட்டியல் இருபத்தைந்தைத் தாண்டும். ரொட்டி, கூடை, மேசைத்துணி, சாடி, அகன்ற வாய்ப் பாத்திரம், சன்னல், அதில் விரிசல் விட்ட ஒரு கண்ணாடி, வெள்ளைச் சுவர், சுவரில் ஆணி, ஆணி பிடுங்கிய துளை, கீழே ஓரத்தில் வரிசையாக ஓடுகள், தரையில் துளை போட்ட ஒரு மரப்பெட்டி. அந்தப் பெட்டி என்னவென்று யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். “துளைப் பெட்டி” என்று எழுதிவிட்டு நகருங்கள். (குளிருக்குக் கால் சூடேற்றும் பெட்டி அது, உள்ளே தணல் வைப்பார்கள். வெயில் ஊரில் பிறந்தவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது? லைஸ்டரின் படத்திலும் அந்தப் பெட்டி வருகிறது, தைக்கிறவளின் காலடியில். பொருள் கணக்கு எடுத்தவர்கள் அதைத் தாமாகவே கண்டுபிடிப்பார்கள்.)

4. தரைப்படம் வரையுங்கள்

டிரேசிங் பேப்பரில் அந்த அறையை மேலிருந்து பார்ப்பது போல வரையச் சொல்லுங்கள். சுவர் எங்கே, கதவு எங்கே, கதவு எங்கே போகிறது, வெளிச்சம் எந்தப் பக்கம், யார் எங்கே.

புதியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். படத்தைப் பார்த்து அப்படியே நகல் எடுக்க ஆரம்பிப்பார்கள். அதற்குத்தான் சில்லறை. தாளில் ஒரு சதுரம் போட்டு, ஆளுக்கொரு காசு வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். ஐம்பது சென் எஜமானி, பத்து சென் வேலைக்காரி என்று எங்கள் மேசையில் யாரும் சொல்லாமலே ஒரு வழக்கம் வந்துவிட்டது. அதைப் பற்றியே ஒரு நாள் பேசினோம்.

“பெண்ணின் இடம்” என்று நாம் பொதுவாகச் சொல்வதை முதலில் நிஜமான தரையில், நிஜமான அடிக்கணக்கில் பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் இந்தப் படி. தரைப்படம் முடிந்ததும் ஒரே கேள்வி: இந்தப் பெண் வெளியே போக வேண்டுமானால் யாரைத் தாண்டிப் போக வேண்டும்?

மாஸின் படத்தில் முன்னால் சமையலறை, தூங்குகிற வேலைக்காரி. பின்னறையில் சாப்பாட்டு மேசையில் ஆட்கள் இருக்கிறார்கள். எஜமானி பின்னறையிலிருந்து வந்து இடையில் நிற்கிறாள். ஐம்பது சென் காசை வைக்கும்போதே தெரிந்துவிடும், இரண்டு பக்கமும் நடமாடுவது அவள் ஒருத்திதான் என்று. டி ஹோக்கின் படத்தில் தாயும் பிள்ளையும் முன்னறையில், கட்டிலடியில் இருக்கிறார்கள். பின்னறை வழியாக வெளிச்சம் உள்ளே விழுகிறது. அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி நமக்கு முதுகு காட்டி ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்திருக்கிறது. ஓர் அறை வழியாக இன்னோர் அறையைக் காட்டும் இந்த ஏற்பாட்டுக்கு டச்சுக்காரர்கள் தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். வெர்மீரிடம் இது வேறு மாதிரி. அவருடைய உட்புற ஓவியங்களில் சன்னல் நிறைய உண்டு, ஆனால் சன்னல் வழியாக வெளியே எதுவும் தெரியாது. வெளிச்சம் வரும், தெரு வராது.

இதை வைத்து உடனே “சிறை” என்று எழுத ஒரு கை எழும். பென்சிலை வாங்கி வைத்துவிடுங்கள். எட்டாம் படி வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

5. கையைப் பாருங்கள்

முழு வகுப்பில் நான் அதிக நேரம் ஒதுக்குவது இதற்குத்தான். முகத்தில் உணர்ச்சியைத் தேடினால் ஆளுக்கொரு கதை வரும். கை எதன்மேல் இருக்கிறது என்பதில் சண்டை குறைவு.

ஒவ்வொரு கைக்கும் மூன்று கேள்வி. எதன்மேல் இருக்கிறது? அதைப் பிடித்திருக்கும் விதம் என்ன? அந்தக் கையை இப்போது எடுத்தால் என்ன ஆகும்? மூன்றாவதுதான் முக்கியம்.

பால் ஊற்றுகிறவளின் கையை எடுத்தால் பால் கொட்டும். பேன் பார்க்கிறவளின் கையை எடுத்தால் பிள்ளை எழுந்து ஓடும். தூங்குகிறவள் கன்னத்துக்குக் கொடுத்த கையை எடுத்தால் தலை சாயும். எஜமானி நம் பக்கம் விரித்துக் காட்டும் கையை எடுத்தால் ஒன்றும் ஆகாது. அது வேலை செய்யும் கை இல்லை, “பாருங்க இந்தக் கூத்தை” என்று நமக்குச் சொல்லும் கை. லைஸ்டரின் படத்தில் ஆணின் ஒரு கை அவள் தோள்மேல், இன்னொரு கையில் காசு. அவளுடைய இரண்டு கையும் துணியில். ஊசி நிற்கவில்லை, அவள் நிமிரவும் இல்லை. அவன் கையை எடுத்தால் படத்தில் என்ன குறையும் என்று கேட்டேன். “அவளுக்கு வெளிச்சம் நல்லா விழும்” என்றாள் ஒரு மாணவி.

இருபது வருடம் சமைத்தவர் ஏன் வேண்டும் என்றேனே, அதற்கு வருகிறேன். பால் ஊற்றும் பெண்ணை நான் முதன்முதலில் காட்டியபோது, “அவள் ஏதோ யோசனையில் ஆழ்ந்திருக்கிறாள்” என்று பெரிதாக விளக்கினேன். பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா, முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், “யோசிக்கல டீச்சர், மட்டம் பாக்கறா” என்றார். எழுந்து வந்து செய்தே காட்டினார். மங்கிலிருந்து (ரப்பர் பால் வடியும் கிண்ணம்) வாளிக்குப் பால் ஊற்றும்போது சிந்தக் கூடாது, ஆகவே ஒரு கை அடியைத் தாங்கும், கண் விழுகிற இடத்தைவிட்டு நகராது. படத்தில் அவளுடைய இடது கை சாடியின் அடியைத் தாங்கித்தான் இருக்கிறது. பால் நூல் போல விழுகிறது. அவசரமாக ஊற்றினால் அப்படி விழாது.

இன்னொருவர் மேசையைப் பார்த்தார். முழு ரொட்டி ஒரு பக்கம், உடைத்த துண்டுகள் முன்னால், அகன்ற பாத்திரம். “பழைய ரொட்டிய வீணாக்காம ஊற வைக்கிறா.” கலை வரலாற்று ஆய்வாளர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள்: காய்ந்த ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கஞ்சியோ புட்டிங்கோ செய்கிறாள் என்று.

அப்புறம் கையின் நிறம். பூதக்கண்ணாடி இங்கேதான் வேண்டும். சட்டைக் கையை முழங்கைப் பக்கம் மடித்துவிட்டிருக்கிறாள். மணிக்கட்டுப் பக்கம் சிவந்து கறுத்திருக்கிறது. மடிப்புக்குக் கீழே, வழக்கமாக மூடியிருக்கும் பகுதி வெளுத்திருக்கிறது. தோட்டத்தில் முழுக்கைச் சட்டை போட்டு வெட்டுக்குப் போனவர்கள் தங்கள் கையை நீட்டிப் படத்தோடு ஒப்பிட்டார்கள். மாணவிகள் யாரும் அந்த நிறக்கோட்டைக் கவனித்திருக்கவில்லை.

இங்கே வரும் தவறு: கையை விட்டுவிட்டு “உழைப்பின் மேன்மை” என்று பேச ஆரம்பிப்பது. மேன்மையை யார் அவளுக்குக் கொடுத்தார்கள் என்பது ஏழாம் படியில் வரும் கேள்வி.

6. யார் இல்லை?

ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதைப் பயன்படுத்துகிறவர் யார் என்று எழுதுங்கள். நாற்காலி எத்தனை, ஆள் எத்தனை? தட்டு யாருடையது? இப்படிச் செய்தால் படத்தில் இல்லாத ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். மாஸின் தரையில் கிடக்கும் பாத்திரங்களில் சாப்பிட்டவர்கள் பின்னறையில் இருக்கிறார்கள்.

ஒரு கட்டுப்பாடு வேண்டும். படத்தில் ஏதாவது ஒரு பொருள் கை காட்டினால்தான் “இல்லாதவர்” என்று எழுதலாம். இல்லாவிட்டால் ஊரில் உள்ள எல்லாரும் அந்தப் படத்தில் இல்லாதவர்கள்தாம்.

வெளியிலிருந்து ஒரே ஒரு தகவலை இங்கே நான் கொடுப்பேன். வெர்மீருக்கும் அவர் மனைவிக்கும் 15 பிள்ளைகள் பிறந்தார்கள், 11 பேர் தங்கினார்கள். மாமியார் வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள். அந்த வீட்டில் எவ்வளவு சத்தம் இருந்திருக்கும்! ஆனால் அவருடைய உட்புற ஓவியங்களில் ஒரு குழந்தைகூட இல்லை. இதைச் சொன்னதும் அறையில் இருக்கும் அம்மாக்கள் சிரித்துவிடுவார்கள்.

இரண்டாம் சுற்றுக்குப் போனவர்களுக்கு இதே படியில் ரவிவர்மா 1893இல் வரைந்த ஒரு படத்தைக் காட்டலாம். அப்பா வருகிறார் என்பது போன்ற பெயர் கொண்டது. கேரளப் பெண் ஒருத்தி, ஓவியரின் சொந்த மகள், குழந்தையை ஏந்திக்கொண்டு படத்துக்கு வெளியே பார்க்கிறாள். படம் முழுக்க வராத ஒருவருக்காக ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. அந்தக் குடும்பங்களில் அப்போது தாய்வழி மரபு, குழந்தை தாயின் தறவாட்டை, அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தை, சேர்ந்தது. அதே காலத்தில்தான் மலபாரில் இந்த முறையைப் பற்றி 1891இல் விசாரணைக் குழு அமைத்தார்கள், 1896இல் திருமணச் சட்டம் வந்தது. அப்பா உள்ளே வரப்போகிறார் என்பது அந்த வீட்டில் வெறும் சாயங்காலச் செய்தி இல்லை.

7. இப்போது ஓவியரையும் வாங்கியவரையும் சொல்லுங்கள்

இதை முதலிலேயே சொல்லக் கூடாது. லைஸ்டர் ஒரு பெண் என்று ஒரு குழுவுக்கு ஆரம்பத்திலேயே சொன்னேன். எல்லாத் தாளிலும் “பெண்ணின் பரிவான பார்வை” என்று எழுதியிருந்தார்கள். பரிவு எங்கே இருக்கிறது என்று கேட்டால் விரல் வைக்க யாருக்கும் இடம் தெரியவில்லை.

ஆறு படி முடித்துவிட்டுச் சொன்னால் கதை வேறு. காசைப் பார்க்காமல் தைக்கும் அந்தப் பெண்ணை வரைந்தவருக்கு அப்போது இருபத்தொன்று இருபத்திரண்டு வயது. 1633இல் ஹார்லெம் நகர ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். 1636இல் இன்னோர் ஓவியரை மணந்தார், அதற்குப் பின் அவர் வரைந்ததாகத் தெரியும் படங்கள் மிகச் சில. அவருடைய ஓவியங்கள் நெடுங்காலம் பிரான்ஸ் ஹால்ஸ் முதலிய ஆண்கள் வரைந்தவை என்றே எண்ணப்பட்டன. 1893இல்தான் அந்தக் குழப்பம் தெளியத் தொடங்கியது.

வாங்கியவர் யார் என்பதும் இங்கேதான். பால் ஊற்றுகிறவள் இடுப்பில் கட்டிய நீல ஏப்ரனுக்கு வெர்மீர் பயன்படுத்திய நீலம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கல்லை அரைத்தது, அக்காலத்தில் மிக விலை கூடிய வண்ணம். 1696 ஏலத்தில் அந்தப் படம் 175 கில்டருக்கு (அக்கால டச்சுப் பணம்) போனது. இந்தப் பணத்தைக் கொடுக்கிறவர் வீட்டில் பால் ஊற்ற இன்னொரு பெண் இருந்திருப்பாள். படத்தில் இருப்பவளால் அந்தப் படத்தை வாங்க முடியாது. உழைப்பை உயர்த்திக் காட்டுகிறது என்று எழுத விரும்புகிறவர்கள் எழுதட்டும், யார் வீட்டுச் சுவரில் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

நேரம் இருந்தால் பெர்த் மோரிசோவின் தொட்டில் படம், 1872. தொட்டிலருகே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பவர் ஓவியரின் அக்கா எட்மா. அவரும் ஓவியர், 1864இல் தங்கையோடு சேர்ந்து பாரிஸ் சலோன் என்ற பெரிய ஓவியக் கண்காட்சியில் படம் வைத்தவர். 1869இல் கல்யாணம், பிறகு தூரிகையை வைத்துவிட்டார். இதைச் சொல்லிவிட்டு, கையைப் பற்றிய மூன்றாவது கேள்வியை மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.

8. ஓவியம் போட்டோ அல்ல

தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: கண்ணால் பார்த்தது, ஓவியர் தேர்ந்தது, நாம் ஊகித்தது. இதுவரை எழுதியதெல்லாம் ஏதாவது ஒன்றில் போய் விழ வேண்டும்.

இரண்டு எடுத்துக்காட்டு போதும். டச்சு உட்புற ஓவியங்களில் கறுப்பு வெள்ளைச் சலவைக்கல் தரை அடிக்கடி வருகிறது. நிஜத்தில் பெரும்பாலான வீடுகளில் மரப்பலகைத் தரைதான், சலவைக்கல் பெரும் பணக்காரர்களுக்கு. பால் ஊற்றும் பெண்ணின் படத்தை 2022இல் கருவிகளால் ஆராய்ந்தபோது, சுவரில் சாடிகள் மாட்டும் பலகை ஒன்றும் தரையில் தணல் கூடை ஒன்றும் முதலில் வரைந்து பின்னர் மறைக்கப்பட்டது தெரிந்தது. அந்த வெறுஞ்சுவர் அவர் யோசித்து எடுத்த முடிவு. ஆகவே “எளிமையான சமையலறையில் வாழ்ந்தாள்” என்று எழுத முடியாது. “எளிமையாகக் காட்டினார்” என்று எழுதலாம்.

நான்காம் படியில் பிடுங்கி வைத்த பென்சிலை இப்போது திருப்பிக் கொடுக்கலாம். “சிறை” என்ற சொல் எந்தப் பத்தியில் விழும் என்று அவர்களே சொல்வார்கள்.

9. இரண்டைப் பக்கத்தில் வையுங்கள்

பால் ஊற்றுகிறவளையும் தூங்குகிறவளையும் சேர்த்து வையுங்கள். இருவருக்கும் ஒரே வேலை. ஒருத்தியைக் கும்பிடத் தோன்றுகிறது, இன்னொருத்தியைப் பார்த்து எஜமானியோடு சேர்ந்து சிரிக்க வைக்கிறார்கள், பின்னால் பூனை வேறு கோழியைத் திருடுகிறது. நல்ல வேலைக்காரி, கெட்ட வேலைக்காரி என்று இரண்டு படமும் ஒரே இடத்திலிருந்துதான் பார்க்கின்றன. அது சம்பளம் கொடுப்பவர் நிற்கும் இடம்.

“பெண்கள்” என்று பொத்தாம்பொதுவாக எழுதும் பழக்கம் இந்தப் படியில் ஒழியும். அம்ரிதா ஷெர்கில் 1940இல் வரைந்த, கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் பெண்ணின் படமும் இதற்கு நன்றாக உதவும். ஒருத்தி படுத்திருக்கிறாள், இன்னொருத்தி பக்கத்தில் விசிறியோடு இருக்கிறாள். இரண்டும் பெண்ணின் இடம்தான்.

10. உங்கள் வீட்டின் தரைப்படம்

இப்போது ஆளுக்கொரு தாள். பிறந்து வளர்ந்த லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) நினைவிலிருந்து வரைய வேண்டும். முன்னால் அஞ்சடி என்ற திண்ணை, உள்ளே கூடம், ஓர் அறை, பின்னால் குசினி என்ற சமையலறை, அதற்கும் பின்னால் கால்வாய், பொதுக்குழாய். யார் எங்கே படுத்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், எந்தக் கதவைப் பயன்படுத்தினார்கள் என்று காசு வைத்துக் குறிக்க வேண்டும். இதை முதல் படியாக வைக்காததற்குக் காரணம் உண்டு. ஒன்பது படி கடந்து வந்தவர்கள் பொருளை வரைகிறார்கள். நேராக வந்தவர்கள் ஏக்கத்தை வரைகிறார்கள்.

எங்கள் அறையில் வந்த தரைப்படங்களில் அப்பாவின் காசு பெரும்பாலும் அஞ்சடியில் நிற்கும். அம்மாவின் காசு குசினிக்கும் குழாய்க்கும் நடுவில் போய்வந்துகொண்டே இருக்கும். அவர் உட்கார்ந்த இடம் எது என்று கேட்டால் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு யாராவது, “பின்கதவுப் படி” என்பார்கள்.

இங்கே ஒரு பெரிய வேறுபாட்டைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், தானாக வராது. டச்சு ஓவியங்களை வைத்து “ஆணுக்கு வெளி, பெண்ணுக்கு வீடு” என்று கற்றவர்கள் அதை அப்படியே தோட்டத்துக்குப் பொருத்தப் பார்ப்பார்கள். பொருந்தாது. தோட்டத்துப் பெண் விடியுமுன் வெளியே போனாள், தன் நிரையில் தன் மரங்களை வெட்டினாள், தன் பெயரில் சம்பளம் வாங்கினாள். திரும்பி வந்து குசினிக்குள்ளும் அவளேதான் நின்றாள். வீட்டுக்குள் அடைந்து கிடந்தது அவள் பிரச்சினை இல்லை, இரண்டு இடத்திலும் ஒரே நாளில் நிற்க வேண்டியிருந்தது. தவிர, அந்த வீடு அவளுடையதும் இல்லை, புருஷனுடையதும் இல்லை. தோட்டத்து வீடு, வேலை போனால் வீடும் போகும். தரைப்படத்தின் வெளிக்கோட்டை யார் போட்டது என்று கேளுங்கள்.

அளவைத் திருத்தாதீர்கள். ஒரு பாட்டி குசினியைக் கூடத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக வரைந்தார். ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனது என் தவறு. “நான் இருந்தது அங்கதானே டீச்சர்” என்றார். அந்தத் தாளை அப்படியே வைத்திருக்கிறேன். எல்லாருக்கும் காட்டச் சொல்லியும் வற்புறுத்தாதீர்கள். சில தாள்களில் யார் எங்கே படுத்தார்கள் என்பது அவர்கள் மட்டும் அறிய வேண்டிய விஷயம்.

11. எழுதுங்கள்

ஒரு பத்தி, ஐந்தாறு வாக்கியம். முதலில் விரல் வைக்கக்கூடிய ஒரு பொருள். அடுத்து அது அறையில் இருக்கும் இடம். அடுத்து யார் கண்ணுக்காக அப்படி வைக்கப்பட்டது. கடைசியில் ஊகம், “என்று நினைக்கிறேன்” என்ற சொல்லோடு.

போன மாதம் ஒரு மாணவி எழுதியது இது: “எஜமானியின் வலது பக்கம் வேலைக்காரி தூங்குகிறாள், பின்னால் குடும்பம் சாப்பிடுகிறது. எஜமானி யாரையும் எழுப்பவில்லை, நம்மைப் பார்க்கிறாள். படத்தை வாங்கியவரும் வேலைக்காரி வைத்திருப்பவர், ஆகவே அவர் சிரிப்பார். எழுப்பியிருந்தால் சிரிக்க ஒன்றும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.” பக்கத்தைத் திரும்பிச் சரிபார்க்கச் சொன்னேன், வலமா இடமா என்று குழம்பியிருந்தாள். மற்றபடி நான் கை வைக்கவில்லை.

பத்தி முடிந்ததும் தலைப்பை மூடிய காகிதத்தைக் கிழிக்கலாம். அதற்கு முன்னால் ஆளுக்கொரு பெயரைப் படத்தின் பின்பக்கம் எழுதச் சொல்லுங்கள். பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், அடுத்த குழுவுக்கு அழிக்க வேண்டியிருக்கும். மாஸின் படத்துக்குப் பின்னால் நான் அழிக்காமல் விட்டிருப்பது ஒன்றுதான்: “மூணு மணிக்கு எந்திரிச்சவ.”